மொழி துறத்தலும் வினைப் பொறுப்பும்

ஒருவன் மற்றொருவனது பொருளை வலிந்து பறிப்பின் அது களவென்பதில் எவர்க்கும் ஐயம் இல்லை. ஒருவன் தன் பொருளைத் தானே மனமுவந்து ஈவனாயின் அது கொடை எனப்படும். இனி, ஒருவனிடத்து உள்ள பொருள் இழிந்ததென்றும், அதனைக் கைவிட்டாலன்றி அவனுக்கு உணவில்லை என்றும் பிறன் ஒருவன் பல்லாண்டு சொல்லிச் சொல்லி, முடிவில் அவன் தன் கையாலேயே அதனை எறிந்துவிடுமாறு செய்வனாயின், அச்செயலுக்குப் பெயர் யாது? களவோ, கொடையோ? இவ்வினா பொன்னையும் நிலத்தையும் பற்றி எழுவதினும் மொழியைப் பற்றி எழுமிடத்து மிக்க கூர்மையுடையதாகின்றது. ஆங்கில மொழி கடல் கடந்து உலகின் பல பகுதிகளிற் பரவிய வரலாற்றில், நாட்டு மொழிகள் பல தேய்ந்தன, சில மாய்ந்தன. அவற்றுட் சில, பேசுவோரே படையாலும் நோயாலும் அழிந்தமையின் அழிந்தன. ஆயின் வேறு பலவற்றில், மொழியைப் பிள்ளைக்குக் கொடாது நிறுத்தியவள் பெற்ற தாயே ஆவள். அவள் பகைமையால் அது செய்திலள். பிள்ளைமேல் வைத்த அன்பினாற் செய்தாள். அங்ஙனமாயின் அவ்விழப்பின் பொறுப்பு எவரைச் சாரும்? இதனை ஆராய்தலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாகும்.

பொதுப்படக் கூறின் பொருள் விளங்காதாதலின், ஒரு நாட்டின் செய்தியை முதற்கண் எடுத்துக் காண்டல் நலம். ஆங்கில நாட்டிற்கு மேற்கே அதனை ஒட்டிக் கிடப்பது வேல்ஸ் நாடு. ஆங்கிலம் தன் எல்லையைக் கடந்து முதன்முதற் சென்று தங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. அந்நாட்டார் பேசுவது கெல்டிய இனத்தைச் சார்ந்த பழைய மொழி. 'வெல்ஷ்' என்னும் பெயர், அயலார் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லினின்றும் பிறந்தது. அம்மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் 'கம்ரி' என்னும் பெயரோ, ஒரு நாட்டார் என்று பொருள்படுவது. தம் நிலத்தில் முன்னரே வாழ்ந்தவரைப் பின்னர் வந்தோர் அயலார் என்று அழைக்க, அப்பெயரே உலகில் நிலைத்துவிட்டது. வலியோர் வழங்கும் சொல்லே மெய்போல் நிற்கும் என்பதற்கு இஃதொரு சான்றாம்.

1282-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைவன் லெவெலின் வீழ்ந்தபின் நாடு ஆங்கில வேந்தர் கைப்பட்டது. 1536-ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்துச் சட்டம் ஒன்று அதனை ஆங்கில நாட்டோடு இணைத்தது. அச்சட்டம் வீட்டிலும் வயலிலும் நாட்டு மொழியைப் பேசலாகாதென்று விலக்கிற்றில்லை. நீதிமன்ற நடைமுறை ஆங்கிலத்திலேயே நிகழ்தல் வேண்டும். ஆங்கிலம் வழங்காதார் அரசாங்க அலுவல் பெறுதல் கூடாது என்றுமட்டும் விதித்தது. எவரையும் அடித்திலது, ஒரு கதவை மட்டும் அடைத்தது. ஆயின் அக்கதவின் உட்புறத்தேதான் பதவியும் பொருளும் மதிப்பும் இருந்தன. பெருநிலக்கிழார் அதனுள் நுழைய விழைந்து தம் மக்களுக்கு ஆங்கிலம் பயிற்றினர். காலப்போக்கில் தம் குடிகளோடு பேசும் மொழியையே மறந்தனர். அவர் முன்னோர் பாணரைப் புரந்தவர். அவர் வழித்தோன்றல்களுக்கோ பாணர் பாடுவது விளங்காதாயிற்று. புரப்பார் இன்மையிற் பாணர் மரபும் தளர்ந்தது.

அங்ஙனம் உயர்ந்தோர் கைவிட்ட மொழி எளியோரிடத்து எவ்வாறு பிழைத்தது எனின், வழிபாட்டினாற் பிழைத்தது என்க. 1563-ஆம் ஆண்டுச் சட்டம், கிறித்தவ மறையையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷ் மொழியிற் பெயர்க்குமாறு பணித்தது. அது மொழியன்பினாற் பிறந்த ஆணையன்று. புதிய சமய ஒழுங்கு அம்மக்கட்கு விளங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். பெயர்த்த நூலின் அருகே ஆங்கில நூலையும் வைத்தல் வேண்டும், இரண்டனையும் ஒப்பிட்டு மக்கள் ஆங்கிலம் கற்பார்கள் என்றும் அச்சட்டமே கூறிற்று. கருதியது ஒன்று, விளைந்தது மற்றொன்று. 1567-ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாடும், 1588-ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் என்னும் குருவின் முயற்சியால் மறை முழுவதும் வெளிவந்தன. மார்கன் வழங்கிய நடை, வட்டார வழக்குகளுக்கு மேற்பட்ட செவ்விய நடையாய் நின்று, பின்வந்த உரைநடைக்கெல்லாம் அளவுகோலாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிபித் ஜோன்ஸ் என்னும் குரு, ஓரிடத்தில் நில்லாது ஊர்தோறும் பெயர்ந்து செல்லும் பள்ளிகளை நிறுவினார். வேளாண் தொழில் குறைந்த காலங்களில் ஆசிரியர் ஓரூரிற் சில திங்கள் தங்கிச் சிறாரோடு முதியோர்க்கும் தாய்மொழியில் மறை வாசிக்கக் கற்பித்து, அடுத்த ஊர்க்குச் செல்வர். அதன்பின் பாலா என்னும் ஊரினராகிய தாமஸ் சார்லஸ் என்பவர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளைப் பரப்பினார். 1800-ஆம் ஆண்டில் மேரி ஜோன்ஸ் என்னும் ஏழைச் சிறுமி, பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 25 மைல் வழியை வெறுங்காலால் நடந்து அவரிடம் சென்று, தன் மொழியில் ஒரு மறைநூல் வாங்கினாள். 1804-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் விவிலிய நூற் சங்கம் தோன்றுதற்கு அச்சிறுமியின் செய்தியும் ஒரு தூண்டுகோலாயிற்று என்பர். அவளுக்கு அம்மொழி இழிந்ததென்று எவரேனும் சொல்லியிருப்பின் அவள் வியந்திருப்பாள். தன் இறைவனோடு பேசும் மொழியை ஒருவர் இழிந்ததென்று கருதுதல் எங்ஙனம் கூடும்?

அவ்வாறு கருதுமாறு செய்யும் முயற்சி பின்னரே வந்தது. 1846-ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டிற் பிறந்து ஆங்கிலத் தொகுதி ஒன்றின் உறுப்பினராய் இருந்த வில்லியம் வில்லியம்ஸ் என்பவரே, தம் நாட்டுக் கல்வி நிலையை ஆராயுமாறு பாராளுமன்றத்தை வேண்டினார். அதன்பொருட்டு அனுப்பப்பெற்ற ஆணையாளர் மூவரும் அந்நாட்டு மொழி அறியாதவர். மொழியறியாதார் அம்மொழி பேசும் சிறாரை வினாவி, அவர் விடையிறுக்கத் தடுமாறியதைக் கண்டு, அறிவின்மை என்று எழுதிக்கொண்டனர். 1847-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் அறிக்கை, கல்விக் குறைகளைச் சொன்னதோடு நில்லாது, அம்மக்களின் ஒழுக்கத்தையும் பழித்து, அவர்தம் முன்னேற்றத்திற்கு அவர் மொழியே பெருந்தடை என்று தீர்ப்புரைத்தது. நீல நிற அட்டையுடைய அவ்வறிக்கையை அந்நாட்டார் 'நீல நூல்களின் வஞ்சனை' என்று இன்றும் குறிப்பிடுவர். இந்திய நாட்டில் மெக்காலே என்பவரது குறிப்பினை ஒட்டி ஆங்கிலக் கல்வியே அரசின் பொருளுதவிக்கு உரியது என முடிவு செய்யப்பெற்ற 1835-ஆம் ஆண்டுக்கும் இவ்வறிக்கைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளே உள்ளன என்பது கருதத்தக்கது. கடலின் இருபுறத்தும் ஒரே மனப்பாங்கு செயற்பட்டது.

அவ்வறிக்கையால் இருவகை விளைவுகள் தோன்றின. மக்கள் சினந்தனர், அது ஒன்று. சினந்தவருட் பலரே, தாமும் பிறரினும் தாழ்ந்தவரல்லர் எனக் காட்டவேண்டித் தம் பிள்ளைகளை ஆங்கிலத்திற்கு ஒப்புவித்தனர், இது மற்றொன்று. பழித்தவன் சொல்லை மறுக்கப் புகுந்தவன், பழித்தவன் வகுத்த அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டான். பழிச்சொல்லின் உண்மையான வெற்றி இதுவேயாம்.

அக்காலத்துப் பள்ளிகள் சிலவற்றில் 'வெல்ஷ் நாட்' எனப்பட்ட மரத்துண்டு ஒன்று வழங்கிற்று. தாய்மொழியிற் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதனைக் கட்டுவர். வேறொரு பிள்ளை அம்மொழியிற் பேசக் கேட்பின், அணிந்த பிள்ளை அதனை அப்பிள்ளைக்கு மாற்றிவிடலாம். மாலையில் எவர் கழுத்தில் அது தங்கிற்றோ அவர்க்குத் தண்டனை. இக்கொடுமையை அரசு ஆணையிட்டுச் செய்ததாக எண்ணுவார் பலர். அஃது உண்மையன்று. அதனை விதித்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆசிரியர் தாமே செய்தனர். அவருட் பலர் அந்நாட்டாரே. பெற்றோர் பலரும் அதற்கு உடன்பட்டே இருந்தனர். ஏனெனின், பிள்ளை பள்ளிக்குச் செல்வது ஆங்கிலம் கற்றற்கே என்பது அவர் எண்ணம். அத்துண்டு செய்த பெருந்தீங்கு அடியன்று. தான் தப்புதற்பொருட்டுத் தோழன் தாய்மொழியிற் பேசுங்கொல் எனச் செவிசாய்த்துக் காத்திருக்குமாறு ஒரு சிறுபிள்ளையைப் பழக்கியதேயாம்.

இனி விளைவினைக் காண்க. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்நாட்டாரிற் பாதிப்பேர் தம் மொழியைப் பேசினர். 1911-ஆம் ஆண்டில் பேசுவோர் தொகை 9,77,366. அதற்குமேல் அத்தொகை என்றும் உயர்ந்ததில்லை. முதல் உலகப் போர் இளைஞரைக் கொண்டுபோயிற்று. இரு போர்களுக்கும் இடையே நிலக்கரித் தொழில் வீழ்ச்சியுற, நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டு வெளியேறினர். வானொலியும் பின்னர்த் தொலைக்காட்சியும் ஆங்கிலத்தை அடுக்களை வரையிற் கொணர்ந்தன. 1961-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 26 பேரே அம்மொழி பேசினர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 5,38,000 பேர், அஃதாவது நூற்றுக்குப் பதினெண்மர்க்கும் சற்றுக் குறைவு. இவ்வெண்களுள் மறைந்து கிடக்கும் துன்பம் ஒன்று உண்டு. ஒரே கூரையின்கீழ்ப் பாட்டி ஒரு மொழியும் பேரன் ஒரு மொழியும் பேசி, நடுவே நின்ற தாய் இருவர்க்கும் மொழிபெயர்த்த வீடுகள் எத்தனை! அத்தாய் இல்லாத பொழுது, அவ்விருவரும் ஒருவரை ஒருவர் நோக்கி முறுவலித்து வாளா இருத்தலன்றி வேறென் செய்வர்?

இதுகாறுங் கூறியது வரலாறு. இனி, வழக்கினை ஆராய்தல் வேண்டும். பிறர் கொள்கையைக் குறைவின்றி எடுத்துரைத்து அதன்பின்னரே தம் கொள்கையை நாட்டுதல் சித்தாந்த நூலோர் மரபாதலின், ஈண்டும் பரபக்கத்தார் கூறுவனவற்றை முதற்கண் வைத்தல் முறையாம்.

அவர் கூறுவன நான்கு. மொழி கருத்தைப் புலப்படுத்தும் கருவி. மேலான கருவி கிடைத்தவழிப் பழையதை விடுதல் குற்றமன்று என்பது முதலாவது. பிள்ளையின் பசி தீர்த்தல் பெற்றோரின் தலையாய கடமை. மொழி காத்தல் அதற்குப் பின்னதே என்பது இரண்டாவது. தோன்றியன யாவும் ஒடுங்கும். மொழிகளும் பிறந்து இறப்பன. இதற்கு வருந்துதல் பேதைமை என்பது மூன்றாவது. மொழி ஒன்றாயின் மக்களிடையே பகை நீங்கி ஒருமை உண்டாம் என்பது நான்காவது. இவற்றைக் கூறினோர் எல்லாரும் தந்நலம் நாடிய சிறியோர் அல்லர். அயர்லாந்தில், கத்தோலிக்க மக்கள் இழந்த உரிமைகளை 1829-ஆம் ஆண்டில் மீட்டுத் தந்த தானியல் ஓகானெல் என்னும் பெருந்தலைவர், அந்நாட்டு மொழியைப் பிறப்பிலேயே பேசியவர். அவரே, பயன் மிகுந்த ஆங்கிலம் ஓங்க, தம் மொழி வழக்கொழிதலைப் பெருமூச்சின்றிக் காணத் தம்மால் இயலும் என்னும் கருத்தினர். ஆதலின் பரபக்கத்தை எளிதென்று தள்ளலாகாது.

முதற் கூற்றிற்கு விடை: மொழி கருவியே என்று கொள்ளினும், அது ஒருவன் தானே செய்து தானே வைத்துக்கொண்ட கருவியன்று. முன்னோர் பலர் வைத்த வைப்பு. இன்னும் பிறவாதார்க்கும் உரிமையுடையது. திருக்கோயிற் கட்டளைக்கு ஒருவர் விட்ட நிலத்தைக் கண்காணிப்பவர், அதன் விளைவைக்கொண்டு அறம் நடத்தலாம். தாமும் அதன்கண் உழைத்து ஊதியம் பெறலாம். நிலத்தை விற்றற்கு அவர்க்கு உரிமையில்லை. விலை நல்ல விலை என்று காட்டினும் அவ்வுரிமை பிறவாது. ஒரு தலைமுறைக்கும் அதன் மொழிக்கும் உள்ள தொடர்பு இத்தகையதே. ஒருவன் தான் பேசாதொழிதல் அவனளவில் நிற்கும். பிள்ளைக்குக் கொடாதொழிதல் அவன் உரிமையின் எல்லையைக் கடந்ததாம்.

இரண்டாம் கூற்றே வலியுடையது. பசித்த பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டு மொழிப்பற்றைப் பேசுதல் அறமாகாது. அயர்லாந்தின் செய்தி இதனை நன்கு காட்டும். அந்நாட்டில் 1831-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பித்தன. 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியதும் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். மாண்டவருள்ளும் போனவருள்ளும் நாட்டு மொழி பேசிய மேற்றிசை ஏழைகளே மிகுதி. எஞ்சிய பெற்றோர்க்கு, பிள்ளை அமெரிக்கா சேர்ந்து உயிர்வாழ ஆங்கிலமே வழி என்பது கண்கூடாயிற்று. 1851-ஆம் ஆண்டில் 15 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த அம்மொழியாளர் தொகை, 1891-ஆம் ஆண்டில் ஏழு இலட்சத்துக்கும் கீழாயிற்று. பிள்ளை நாட்டு மொழியில் ஒரு சொற் சொன்னால் அதற்கு ஓர் அடையாளமாகக் கோலொன்றில் வெட்டிவைத்து, அவ்வெட்டுக்களை எண்ணித் தண்டிக்கும் வழக்கம் அங்கும் இருந்தது. வீட்டிலே பெற்றோரும் அக்கோலில் வெட்டியதுண்டு. அவர்களைக் கொடியர் என்று எவர் கூறுவார்?

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. பிள்ளைக்குத் தேவையாயிருந்தது ஆங்கிலம் கற்றல். தன் மொழியை மறத்தலன்று. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒரு மனத்தில் இரண்டு மொழிகள் பகையின்றி வாழும் என்பதற்கு உலகெங்கும் சான்றுண்டு. மடங்களிலே தமிழும் வடமொழியும் ஒருங்கு கற்றுத் துறைபோகிய ஆசிரியர்களைச் சைவ உலகம் நன்கறியும். 'இதனைப் பெறவேண்டின் அதனை எறிக' என்னும் நிபந்தனை மொழியின் இயல்பினின்றும் பிறந்ததன்று. அதிகாரம் உடையோர் வைத்தது. உணவை ஒரு கையில் நீட்டி, தாய்மொழியை மறு கையால் விலையாக வாங்கியவனே அவ்வினையின் முதற் கருத்தா ஆவன். பெற்றோர் செய்தது, அந்நிபந்தனையைப் பொய்யென்று அறியாது மெய்யென்று நம்பியது. அது அறியாமை, கொடுமையன்று. எனினும் அறியாது உண்ட நஞ்சும் கொல்லுமாறுபோல, அன்பினாற் செய்த அச்செயலின் பயனும் வாராதொழிந்ததில்லை. பாட்டியும் பேரனும் வாளா நோக்கியிருந்த அந்த அடுக்களையே அப்பயனாகும்.

மூன்றாம் கூற்றிற்கு விடை: மொழிகள் இறத்தல் இருவகைத்து. இலத்தீன் பேசிய மக்கள் ஒருநாள் அதனை விட்டு வேறொரு மொழிக்குத் தாவினாரல்லர். அது அவர் நாவிலேயே மெல்லத் திரிந்து இத்தாலியம், பிரெஞ்சு, இசுப்பானியம் முதலியனவாயிற்று. தாய் மறைந்தாலும் மக்கள் உளர். வெல்ஷ் மொழியையும் அயர்லாந்து மொழியையும் பற்றிய செய்தி அதுவன்று. அங்கே மொழி திரிந்து வேறாயிற்றில்லை. திரிதற்கு முன்னரே பேசுவோர் அதனை விட்டு நீங்கினர். முதுமையால் இறத்தலும் உணவின்றி இறத்தலும் இறத்தல் என்னும் பெயரால் ஒன்றே. ஆயினும் 'எல்லாரும் இறப்பவரே' என்று சொல்லி உணவு மறுத்தவனை விடுவிக்கும் நீதிபதி எங்கும் இல்லை.

நான்காம் கூற்றிற்கு வரலாறே விடை கூறுகின்றது. அயர்லாந்து மக்களிற் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசத் தொடங்கிய பின்னரே, 1916-ஆம் ஆண்டின் கிளர்ச்சியும் அதன்பின் நிகழ்ந்த விடுதலைப் போரும் எழுந்தன. மொழி ஒன்றாயிருந்தும் பகை நீங்கிற்றில்லை. சுவிட்சர்லாந்தில் நான்கு மொழிகள் வழங்கியும் மக்கள் ஓர் அரசின்கீழ் அமைதியாய் வாழ்கின்றனர். ஒருமைக்குக் காரணம் நீதி. மொழியொருமை அன்று என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாராய்ச்சி தமிழ் மக்களுக்கும் நேரே தொடர்புடையது என்பதற்கு நேட்டால் நாட்டின் செய்தி ஒன்று போதும். 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சென்னைத் துறையினின்றும் சென்ற 'துரூரோ' என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் முதற் கூலியாட்களை இறக்கிற்று. 1911-ஆம் ஆண்டுவரை ஒன்றரை இலட்சம் இந்தியர் அங்ஙனம் சென்றனர். அவருட் பெரும் பகுதியார் தமிழரும் தெலுங்கருமாவர். கரும்புத் தோட்டங்களினிடையே அவர்கள் எழுப்பிய கோயில்கள் இன்றும் உள்ளன. தைப்பூசக் காவடி இன்றும் எடுக்கப்படுகின்றது. ஆயின் அவர் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர்க்கு வீட்டு மொழி ஆங்கிலமே. முருகன் திருமுன் நின்று பாடும் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோர் அங்கு உளர். ஒலி நாவில் நிற்கின்றது. பொருள் நெஞ்சிற்கு எட்டவில்லை. அன்பு எட்டுகின்றது என்பதில் ஐயமில்லை. இறைவன் அதனை ஏற்றருள்வான் என்பதிலும் ஐயமில்லை. எனினும், தன் முன்னோர் அழுது வேண்டியது இன்னதென்று அறியாமலே அச்சொற்களைச் சொல்லும் ஒருவர்க்கு, நூற்றாண்டுகளின் துணை ஒன்று இல்லாதொழிந்தமை மெய்யன்றோ?

அற்றாயின், இழந்தது இழந்ததுதானோ எனின், அற்றன்று. வேல்ஸ் நாட்டில் 1939-ஆம் ஆண்டு, ஆபரிஸ்ட்வித் என்னும் ஊரில் ஏழு பிள்ளைகளோடு தாய்மொழிப் பள்ளி ஒன்று தனியார் முயற்சியால் தொடங்கப்பெற்றது. 1947-ஆம் ஆண்டில் லனெல்லி நகரில் உள்ளாட்சியின் பொருளால் ஒரு பள்ளி எழுந்தது. 1962-ஆம் ஆண்டில் சாண்டர்ஸ் லூயிஸ் என்னும் புலவர், இந்நிலை நீடிப்பின் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தே அம்மொழி உயிர்வழக்கு அற்றுப்போம் என்று வானொலியில் எச்சரித்தார். 1980-ஆம் ஆண்டில், தாய்மொழித் தொலைக்காட்சி அமைப்பதாகத் தந்த வாக்கினின்றும் அரசு பின்வாங்க, கின்வர் எவன்ஸ் என்னும் தலைவர் உண்ணாது உயிர்விடுவதாக அறிவித்தார். அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1982-ஆம் ஆண்டில் அத்தொலைக்காட்சி தோன்றிற்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மொழி ஆட்சிமொழி நிலை பெற்றது. 2050-ஆம் ஆண்டுக்குள் பத்து இலட்சம் பேர் அதனைப் பேசவேண்டும் என்பது அந்நாட்டு அரசின் இன்றைய குறிக்கோள். தேய்வு முற்றும் நின்றதில்லை. ஆயினும் கைவிட்ட மொழியைத் திரும்ப எடுக்கக் கைகள் நீண்டுள்ளன.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கண்ட வழி இன்னும் நுட்பமானது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தியது. நூறாண்டு கழிந்தபொழுது இளையோரிற் பெரும்பாலோர் தம் மொழி அறியாராயினர். 1972-ஆம் ஆண்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட முறையீடு ஒன்று பாராளுமன்றத்திற்குச் சென்றது. பத்தாண்டு கழித்து, 1982-ஆம் ஆண்டில், மொழியறிந்த முதியோரிடத்தில் மழலைகளை ஒப்புவிக்கும் 'மொழிக்கூடு' என்னும் பள்ளிகளை அவர்கள் தாமே தொடங்கினர். நடுத்தலைமுறை இழந்ததைப் பாட்டி பேரனுக்கு நேரே கொடுத்தாள். 1987-ஆம் ஆண்டில் அம்மொழி ஆட்சிமொழியாயிற்று. சட்டம் பின்னரே வந்தது. முதற்கண் வந்தது முதியோர் மடி. சட்டம் மட்டும் தனியே செய்யக்கூடியது சிறிதே என்பதை அயர்லாந்து காட்டும். 1922-ஆம் ஆண்டு முதல் அங்கே நாட்டு மொழி அரசின் முழு ஆதரவு பெற்றிருந்தும், 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் அதனை அறிவோம் என்றவர் 18 இலட்சத்திற்கு மேற்பட்டிருக்க, பள்ளிக்கு வெளியே நாடோறும் பேசுவோர் ஏறக்குறைய 72,000 பேரே ஆயினர்.

இனி முடிபு கூறுதும் எனின், மொழியிழப்பில் வினைப்பொறுப்பு மூவர்பாற் பிரியும். உணவிற்கு விலையாகத் தாய்மொழியைக் கேட்டவர்பால் அதன் பெரும்பகுதி நிற்கும். அம்மொழி இழிந்ததென்று கற்பித்து நாணம் ஊட்டியவர்பால் அடுத்த பகுதி நிற்கும். அவர் அயலாராயினும் தம்மவராயினும் அதில் வேறுபாடில்லை. நம்பி உடன்பட்ட பெற்றோர்பால் எஞ்சிய சிறுபகுதி நிற்கும். அன்பும் வறுமையும் கருதி உலகம் அதனைப் பொறுத்தல் தகும். ஆயின் இன்று நாணமும் பஞ்சமும் நெருக்காதவிடத்தும், ஆங்கிலத்தோடு தாய்மொழியும் கொடுக்க வழியிருந்தும், கொடாதார்க்கு அப்பொறை உரியதன்று.

குற்றம் எவர்பாலது என்பதும், அதனை நீக்கும் கடமை எவர்பாலது என்பதும் வெவ்வேறு வினாக்கள். ஆணவ மலத்தை உயிர் தானே தேடிக்கொண்டதில்லை; அது அநாதியே உயிரைப் பற்றியுள்ளது. அங்ஙனமாயினும், 'யான் செய்ததன்றே' என்று உயிர் வாளா இருத்தல் சித்தாந்தம் உடன்பட்டதன்று. அருளை நாடிச் சரியை முதலியவற்றில் நிற்றல் உயிர்க்கே உரிய கடமையாகும். மொழியிழந்தார் நிலையும் இவ்வாறே. இழப்பித்தவரைக் குற்றஞ்சாட்டுதல் நீதியே. ஆயினும் அவரைக் குற்றஞ்சாட்டியதனால் ஒரு பிள்ளையும் ஒரு சொல்லும் கற்றதில்லை. ஏழு பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியோரும், பேரனை மடியில் இருத்திய மாவோரி முதியோரும் அதனை உணர்ந்தவர்கள். தாய்மொழி பேசும் முதியவர் ஒருவரும் சிறுவர் ஒருவரும் உள்ள வீடு எதுவாயினும், அவ்விருவரையும் நாடோறும் சிறிது பொழுது ஒருங்கிருத்திப் பேசவிடுதல் எவர்க்கும் இயல்வதே. அது நிகழும் வீட்டில் அக்கடமை தொடங்கிற்று என்க.